படுத்துத் தீராத களைப்பு

கேள்வி: புற்றுநோய் முற்றிய என் தாயாருக்கு எந்நேரமும் களைப்பு. நாங்கள் படுக்கவைத்தே பார்க்கிறோம். தாதியோ எழுப்பி நடக்கவிடச் சொல்கிறார். எது சரி?
– வாசகி, கோமாரி

பதில்: தாதி சொல்வதே சரி, அளவோடு செய்தால். இது ஓர் இரவு தூங்கினால் தீரும் களைப்பல்ல. நோயும் சிகிச்சையும் சேர்ந்து உண்டாக்குவது. படுத்தே கிடந்தால் தசை மெலிந்து, கழிப்பறைவரை போவதே பெரும்பாடாகிவிடும். 2012இல் வெளிவந்த, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உடற்பயிற்சி புற்றுநோய்க் களைப்பைக் குறைக்கிறது என்றது. ‘அந்த ஆய்வுகளில் இருந்தவர்களெல்லாம் நடமாடக்கூடியவர்கள்’ என்பீர்கள். நியாயம்தான், ஆகவே அந்த முடிவை அப்படியே தாயார்மேல் ஏற்ற வேண்டாம். தெம்பான வேளையில் முற்றம்வரை நடக்கட்டும். முடியாவிட்டால் கதிரையில் இருந்து சாப்பிடுவதே போதும். இறுதி நாட்களில் அதையும் வற்புறுத்தக்கூடாது.

நடைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு. இரத்தச்சோகை, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, மயக்கம் தரும் மருந்துகள் ஆகியவற்றில் சில திருத்தக்கூடியவை. களைப்புக்கு 0 முதல் 10 வரை தினமும் ஓர் எண் சொல்லச் செய்து, எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். ‘ஏலாது’ என்ற சொல்லைவிட அந்த எண் டாக்டருக்கு உதவும். மட்டக்களப்புக்குக் கிளினிக் போவதாயிருந்தால், அந்த நீண்ட பயணமே இருக்கும் பலத்தைக் குடித்துவிடும். அன்று தலைக்குக் குளிப்பாட்ட வேண்டாம். பார்க்க வரும் உறவினரையும் (நம் ஊர்களில் இதுதான் கஷ்டம்) இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள்.