குழாய் போடும் ஜீன்கள்



நம் தஞ்சைப் பக்கம் தண்ணீர் தேங்கிய நடவு வயலில் கூண்டுப்புழுவைப் பார்த்திருப்பீர்கள். நெல் இலை நுனியை வெட்டிச் சுருட்டி, அந்தக் குழாய்க்குள் குடியிருந்து மிதக்கும். இந்தக் குழாயைப் புழுவே செய்கிறது. சரி, அதன் உடம்புக்குள் இருக்கும் மூச்சுக்குழாய்களைச் செய்வது யார்?

பூச்சிக்கு நம்மைப் போல நுரையீரல் கிடையாது. காற்று, கிளைகிளையாகப் பிரியும் குழாய்கள் வழியே நேராகத் திசுக்களுக்குப் போகிறது. இந்தக் குழாய்களைப் போடும் ஜீன்களை விஞ்ஞானிகள் பழ ஈயின் கருவில் கண்டுபிடித்தார்கள். வேலை மூன்று கட்டமாக நடக்கிறது.

1. இடம் குறித்தல்: கருவின் ஒவ்வொரு பக்கத்திலும் 10 இடங்கள், இடத்துக்குச் சுமார் 80 செல்கள். 'டிரேக்கியாலெஸ்' என்ற ஜீன் இவற்றைக் குழாய்ச் செல்களாக மாற்றுகிறது. அவை உள்ளே மடிந்து பை போல ஆகின்றன. இந்த ஜீன் கெட்டுப்போனால் குழாயே கிடையாது. அந்தப் பழுதை வைத்துத்தான் ஜீனுக்கே பெயர்!

2. வழி காட்டுதல்: சுற்றியுள்ள செல்கள் 'பிராஞ்ச்லெஸ்' ஜீனின் புரதத்தைச் சுரக்கின்றன. குழாய்ச் செல்களில் உள்ள 'பிரெத்லெஸ்' ஏற்பி, ரேடியோ ஏரியல் மாதிரி அதை வாங்கிக்கொள்கிறது. சமிக்ஞை வரும் திசையில் கிளை நீளும். அப்போது செல்கள் எண்ணிக்கையில் பெருகுவதில்லை. இடம் மாறியும் நீண்டும்தான் குழாய் ஆகின்றன. பிராஞ்ச்லெஸ்ஸின் இந்த வேலையை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 1996-ல் வெளியிட்டனர்.

3. தேவைக்கு ஏற்பக் கிளைத்தல்: கரு புழுவான பிறகு, ஆக்சிஜன் குறைந்த செல்களே பிராஞ்ச்லெஸ்ஸைச் சுரந்து நுண்குழாயைத் தம் பக்கம் இழுக்கின்றன. இது 1999-ல் தெரியவந்தது.

இதே குடும்பத்து ஜீன் ஒன்று பாலூட்டிகளிலும் உண்டு. அது இல்லாத சுண்டெலிக் குட்டிகளுக்கு நுரையீரலே உருவாகவில்லை.

மூன்றாவது கட்டத்தைப் படித்ததும் எனக்குக் கடைமடைதான் ஞாபகம் வந்தது. கல்லணையில் பிரிகிற தண்ணீர் ஆறு, வாய்க்கால் என்று இறங்கி எங்க ஊருக்கு வரும்போது பல வருஷம் பாதம் நனையக்கூடக் காணாது. நடவு இல்லாவிட்டால் எங்க அப்பா அம்மாவுக்குக் கூலியும் இல்லை. பூச்சியின் உடம்பிலோ காய்ந்த இடம் கேட்டால் குழாய் அங்கே வருகிறது!

எங்க வீட்டில் படிப்பு என்னும் தண்ணீர் முதன்முதலாக வந்து பாய்ந்தது என்னிடம்தான். சிவில் படிக்கிற நாம் நாளை மதகுக்கும் வாய்க்காலுக்கும் பிளான் போடுவோம். அன்றைக்குக் கணக்கைக் கடைசி வயலிலிருந்து தொடங்குவோம், தோழர்களே!