‘சேம்’ என்னும் சொல்

சொல்லுக்கும் குலமுண்டு, குடிபெயர்வும் உண்டு. ஆங்கிலம் பயிலுஞ் சிறுவரும் நாடோறும் வழங்கும் ‘சேம்’ என்னுஞ் சிறு சொல்லை ஈண்டு நோக்குவோம்.

இச்சொல்லுக்குப் பொருள் இரண்டு. ‘நேற்று வந்த அதே மனிதர் இன்றும் வந்தார்’ என்னுமிடத்து ஆள் ஒருவரே. ‘இருவரும் ஒரே நூலை வாங்கினர்’ என்னுமிடத்துப் படிகள் இரண்டு. அவை தம்முள் ஒத்தன. முன்னது ஒருமை, பின்னது ஒப்புமை. ஆங்கிலம் இரண்டிற்கும் ‘சேம்’ என்றே கூறும். மொழிபெயர்க்கும் மாணவர் இவ்வேறுபாட்டை உணராவிடின் இரண்டை ஒன்றெனவும் ஒன்றை இரண்டெனவும் மயங்குவர்.

இனி, இதன் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் இப்பொருளைத் தந்த பெயரடை ‘இல்க்கா’ என்பது. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்திற் குடியேறிய ஸ்கந்திநேவியரின் மொழியிலிருந்து வந்த ‘சேம்’, 1200ஆம் ஆண்டளவில் ஏட்டில் இடம்பெற்று, நாளடைவிற் பழஞ்சொல்லை அகற்றியது. அப்பழஞ்சொல் ‘இல்க்’ என ஸ்கொத்லாந்தில் எஞ்சி, ஒருவரது குடிப்பெயரும் அவர்தம் நிலத்தின் பெயரும் ஒன்றே எனக் காட்டுந் தொடரில் வழங்கியது. பின்வந்தோர் அத்தொடரைப் பிறழ உணர்ந்து, ‘இனம், வகை’ எனப் பொருள் கொண்டனர். ஒருமை குறித்த சொல் இவ்வாறு ஒப்புமைக்கு நெகிழ்ந்தது.

வடமொழிச் ‘சம’, கிரேக்க ‘ஹொமொஸ்’, இலத்தீன் ‘சிமிலிஸ்’ ஆகியன ‘சேம்’ என்பதன் உறவுச் சொற்கள். வடமொழிச் சகரத்திற்கு ஈடாகக் கிரேக்கத்தில் ஹகரம் நிற்றலைச் ‘சப்த’, ‘ஹெப்தா’ என்னும் ஏழின் பெயர்களும் காட்டும். இம்மொழிகள் ஒரு மூலத்திற் பிறந்தனவாதல் வேண்டும் என்னுங் கருத்தை 1786இற் கல்கத்தாவிற் சேர் வில்லியம் யோன்ஸ் எடுத்துரைத்தார்.

நிற்க. ‘சமம்’ நம் நாவிலும் உளதே எனின், அது வடமொழியினின்று வந்த விருந்து. ‘ஒப்பு’, ‘ஒத்த’, ‘ஒரே’ என்பனவே நம் வீட்டுச் சொற்கள். ஆதலின், இது கொண்டு தமிழும் ஆங்கிலமும் ஓரினம் எனல் பொருந்தாது. ஒலியும் பொருளும் ஒத்தவிடத்தும் உறவு இல்லாதிருக்கலாம்: நாளைக் குறிக்கும் ஆங்கில ‘டே’, இலத்தீன் ‘தியேஸ்’ என்பவற்றின் வேர்கள் வெவ்வேறு. ஒப்புமை வேறு; ஒருமை வேறு.

விழா நாளில் வாயிலிலே நிற்கும் பழைய மாணவர், ‘நான் பயின்ற அதே கல்லூரி’ என்கிறார். ஆசிரியர் மாறினர், மாணவர் மாறினர். ஆயினும், ‘அதனைப் போன்றதொரு கல்லூரி’ என அவர் கூறுவதில்லை. அச்சொல்லின் முதற்பொருளை அவர் நன்கு அறிவார்.