தியான இல்லத்துக்குப் போகும் தம்பிமாருக்கு

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் பங்குப் பணிக்குப் போகும் இளங்குருக்களுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆள் உண்டு. தியான இல்லத்துக்கு அனுப்பப்படுகிறவர் எதைக் கட்டி எடுத்துப் போவது என்று தெரியாமல் விழிக்கிறார். அந்தப் பணியிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலாவதை முதலில் படியுங்கள். மற்றவற்றை எந்த வரிசையில் படித்தாலும் சரி.

1. நீங்கள் போவது கேட்பதற்கு. நம்மூரில் தியானம் என்றால் பந்தல், மைக், பாடகர் குழு, காலை முதல் மாலை வரை பிரசங்கம். அங்கே எட்டு நாள் தியானத்துக்கு வருகிறவர் எட்டு நாளும் மௌனம் காக்கிறார். தினம் ஒரு தடவை உங்கள் அறைக்கு வந்து, அரை மணி முக்கால் மணி நேரம் தன் ஜெபத்தில் நடந்ததைச் சொல்கிறார். நீங்கள் கேட்டுவிட்டு, மறுநாளுக்கு ஒன்றிரண்டு விவிலியப் பகுதிகளைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். வேலை அவ்வளவுதான், அதற்குள் எத்தனை இருக்கிறது என்பது போகப் போகத் தெரியும்.

புனித இஞ்ஞாசியார் 1522-23-இல் மன்ரேசாவில் பட்டறிந்ததிலிருந்து பிறந்தது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூல். 1548-இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். நூலின் தொடக்கத்தில் 20 முன்குறிப்புகள் உள்ளன. அவற்றில் இரண்டாவதையும் பதினைந்தாவதையும் விமானம் ஏறுமுன் தமிழில் உங்கள் கைப்பட எழுதிப் பாருங்கள். இரண்டாவது விளக்கத்தைச் சுருக்கச் சொல்கிறது. தியானம் செய்கிறவர் தாமே கண்டடைந்து சுவைப்பதுதான் அவர் உள்ளத்தை நிறைக்கும். நம் விரிவுரை நிறைக்காது. பதினைந்தாவது, வழிகாட்டி தராசு முள்ளைப் போல நடுவில் நிற்க வேண்டும் என்கிறது. துறவறத்துக்குப் போ என்றோ போகாதே என்றோ அந்த நாட்களில் நாம் ஒரு பக்கம் சாய்க்கக் கூடாது. படைத்தவரும் அவரால் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த இரண்டுக்கும் உரை.

2. அறையைக் கவனியுங்கள். இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரமாக இருக்கட்டும். நேருக்கு நேர் போடாமல் சற்றே கோணலாகப் போடுங்கள்; அவர் விரும்பினால் உங்களைப் பார்க்கலாம், விரும்பாவிட்டால் சன்னலைப் பார்க்கலாம். கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். நீங்கள் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில் அவர் பேச்சை முடித்துக்கொள்வார், மீண்டும் தொடங்க மாட்டார். காகிதக் கைக்குட்டைப் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அழுகிறவருக்கு நீங்கள் எடுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் ‘அழுதது போதும்’ என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். தோளைத் தட்டிக் கொடுப்பதும் தலையில் கை வைப்பதும் நமக்கு இயல்பு; அங்கே அவர் கேட்காமல் செய்யக் கூடாது. அழுகை தானாக அடங்கும் வரை சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருத்தல்தான் கஷ்டம். நம் வாய் உடனே ஒரு வசனத்தைத் தேடும்.

இன்னொன்று. அந்த ஊர்க்காரர் பெரும் துக்கத்தையும் மெல்லிய குரலில், வானிலை சொல்வது மாதிரி சொல்வார். பல நேரம் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் அது வெளியே வரும். ‘உட்காருங்கள்’ என்று இழுத்து உட்காரவைக்க வேண்டாம். கேட்டேன் என்பதை முகத்தில் காட்டி, ‘நாளைக்கு அதிலிருந்தே தொடங்கலாமா?’ என்று கேளுங்கள். இரவு முழுதும் அவர் அதோடு ஜெபத்தில் இருப்பார். மறுநாள் வந்து உட்காரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும்.

3. உங்கள் கழுத்துப்பட்டை சிலருக்குக் காயம். இதை ஊரில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிறார் துன்புறுத்தல் பற்றி அயர்லாந்தில் 2009-இல் ரயன் அறிக்கை மே மாதத்திலும் மர்ஃபி அறிக்கை நவம்பரிலும் வந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதே கொடுமையை விசாரித்த சுயேச்சை விசாரணைக் குழு கத்தோலிக்கத் திருச்சபை பற்றிய தன் அறிக்கையை 2020 நவம்பரில் வெளியிட்டது. போவதற்குமுன் அவற்றின் சுருக்கங்களையாவது படியுங்கள். குருக்களாலும் துறவியராலும் குழந்தைப் பருவத்தில் சிதைக்கப்பட்டவர்கள் அந்த இல்லங்களுக்கு வருகிறார்கள். வருவதே பெரிய துணிவு. அப்படி ஒருவர் உங்கள் முன் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது திருச்சபைக்காக வாதாடாதீர்கள். ‘எல்லாரும் அப்படியல்ல’ என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. மன்னித்துவிடுங்கள் என்று அவருக்குப் போதிக்கவும் உங்களுக்கு உரிமையில்லை. நம்புகிறேன் என்று சொல்லுங்கள். பெண் வழிகாட்டியிடம் மாறிக்கொள்ள விரும்புகிறாரா என்று கேளுங்கள். விரும்பினால் அன்றே மாற்றிக் கொடுங்கள். அதில் உங்களுக்கு எந்தக் குறைவும் இல்லை.

பாதுகாப்பு விதிகளைச் சடங்காக எண்ணாதீர்கள். முதல் சந்திப்பிலேயே, பேசுவது வெளியே போகாது என்பதோடு, ஒரு குழந்தைக்கோ வலுவற்றவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் பொறுப்பாளரிடம் சொல்வேன் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாவசங்கீர்த்தனம் வேறு. அதன் முத்திரையை எவரும் உடைக்க முடியாது. அதனால்தான் தினசரிச் சந்திப்பையும் பாவசங்கீர்த்தனத்தையும் ஒரே அமர்வில் கலக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அவர் கேட்டால் தனி நேரம் குறித்துக் கொடுங்கள், அல்லது வேறு குருவிடம் அனுப்புங்கள். கைப்பேசி எண் கொடுப்பதும், தியானம் முடிந்தபின் வாட்ஸ்அப்பில் தொடர்வதும் கூடாது.

4. உங்களுக்கு மேல் ஒரு பெண் இருக்கலாம். இல்லத்தின் இயக்குநர், குழுவின் தலைவர், உங்களுக்குச் சூப்பர்விஷன் (வழிகாட்டியின் பணிக்கு வழிகாட்டல்) தருகிறவர் என யாரும் அருள்சகோதரியாகவோ, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பொதுநிலைப் பெண்ணாகவோ இருக்கலாம். அவர்கள் உங்களை ‘ஃபாதர்’ என்று கூப்பிட மாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குரு என்பதற்காக முதலில் பரிமாறப்படும் தட்டு அங்கே கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு, துடைக்கத் துணியை எடுங்கள். இந்தப் பெண்களில் பலர் நம்மைவிட நல்ல வழிகாட்டிகள். சூப்பர்விஷனில் தியானம் செய்கிறவரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பேசும்போது உங்களுக்குள் என்ன கிளர்ந்தது, எங்கே எரிச்சல் வந்தது, எங்கே தூக்கம் வந்தது என்பதைத்தான் பேச வேண்டும். நம் குருமடங்கள் இதைக் கற்றுத் தருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

5. மொழி. ஆங்கிலத் தேர்வில் தேறியிருப்பீர்கள். ஆனாலும் நம் ஆங்கிலம் வேகமானது, வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். நாளைய வாசகத்தை இன்று மாலையே காலியான சிற்றாலயத்தில் உரக்கப் படித்து, உடன் பணியாளர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். மறையுரை ஐந்து நிமிடம் போதும்.

வட வேல்ஸில் செயின்ட் பியூனோஸ் என்றொரு இல்லம் இருக்கிறது. 1848-இல் இயேசு சபை இறையியல் மாணவர்களுக்காகத் திறக்கப்பட்டது, 1980 முதல் ஆன்மீக மையமாக நடக்கிறது. முப்பது நாள் பயிற்சிக்குப் பல நாடுகளிலிருந்து அங்கே வருவார்கள். கவிஞர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் 1874 முதல் 1877 வரை அங்கே படித்து, குருப்பட்டமும் பெற்றார். ஆங்கிலத்தில் அவ்வளவு பெரிய கவிஞர், பக்கத்து ஊர் மக்களின் வேல்ஷ் மொழியை உட்கார்ந்து கற்றார். காலை வணக்கமும் நன்றியும் மட்டுமாவது நாமும் கற்றுக்கொண்டால், அந்த மண்ணை மதிக்கிறோம் என்று சமையல்காரருக்கும் தோட்டக்காரருக்கும் புரியும்.

6. இந்தியாவை விற்காதீர்கள். யோகா சொல்லித் தருவீர்களா, மந்திரம் உண்டா என்று கேட்பார்கள். அந்தோனி டி மெல்லோவின் ‘சாதனா’ 1978-இல் வந்ததிலிருந்தே இந்தியக் குரு என்றால் இந்த எதிர்பார்ப்பு இருக்கிறது. மூச்சைக் கவனித்து ஜெபிக்கும் பழக்கம் உங்களுக்கே உண்மையில் இருந்தால் பகிர்ந்துகொள்ளுங்கள். இல்லாததை அவர்களுக்காக வேஷம் போட வேண்டாம்.

7. குளிர்காலம். டிசம்பரில் காலை எட்டு மணி வாக்கில்தான் விடியும், மாலை நான்குக்கே இருட்டிவிடும். மழை நிற்காது. அதற்காக உள்ளேயே கிடக்காதீர்கள். நல்ல நீர்புகாச் சப்பாத்து ஒன்று வாங்கி, மதியம் வெளிச்சம் இருக்கும்போது நடந்துவிட்டு வாருங்கள். தெற்காசியர் போன்ற கருநிறத் தோலுள்ளவர்கள் ஆண்டு முழுதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை. குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

நவம்பரில் மனம் தரைக்கு வந்துவிடும். ஜெபம் வறண்டு போகும். யாருக்கும் நான் வேண்டாம் என்று தோன்றும். வறட்சிக் காலத்தில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்று இஞ்ஞாசியார் விதி எழுதியிருக்கிறார். பிறருக்கு நாம் தினமும் சொல்கிற விதி அது. ஆகவே ‘திரும்பி வருகிறேன்’ என்று சபையின் மாநிலத் தலைவருக்கோ ஆயருக்கோ நவம்பரில் மின்னஞ்சல் எழுதாதீர்கள். ஈஸ்டருக்குப் பின்னும் அதே எண்ணம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

8. காகிதங்கள். செலப்ரெட் (நீங்கள் பூசை வைக்கத் தகுதியுள்ள குரு என்ற சான்று), இந்தியக் காவல்துறைச் சான்று, அந்நாட்டுக் குற்றப்பதிவுச் சரிபார்ப்பு. இவை முடியும் வரை யாரையும் தனியாகச் சந்திக்க அனுமதி கிடைக்காது. கோபப்படாமல் அந்த வாரங்களில் சமையலறையிலும் தோட்டத்திலும் உதவுங்கள்.

9. நம் சனம். லண்டன் ஈழத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பூசைக்கும் பூப்புனித நீராட்டுக்கும் கூப்பிடுவார்கள். ஜூலையில் வால்சிங்காம் மாதா திருத்தலத்துக்குத் தமிழர்கள் போகும் யாத்திரைக்குக் கட்டாயம் போங்கள். தமிழில் மாதா பாட்டு கேட்டு அழுதுவிட்டு வாருங்கள், நல்லது. ஆனால் வார இறுதிதான் தியான இல்லத்துக்கு அலைமோதும் நேரம். சனிக்கிழமைதோறும் ரயில் ஏறினால் நீங்கள் அனுப்பப்பட்ட வேலை கெட்டுப்போகும்.

10. உங்கள் தியானம். பிறரைத் தியானத்தில் நடத்துகிறவருக்குத் தன் தியானம் தள்ளிப்போவது எளிது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது எட்டு நாளைத் தமிழில் செய்யுங்கள். ஆங்கிலத்தில் ஆண்டு முழுதும் கேட்டவற்றை அம்மாவின் மொழியில் இறக்கிவைக்க வேண்டியிருக்கும். விமானச் சீட்டுக்கு முன்பே இடத்தைப் பதிந்துவிடுங்கள். சென்னை தியான ஆசிரமமோ செண்பகனூரோ, எதுவானாலும் சரி. இல்லாவிட்டால் வீடு மந்திரிப்பு, கல்யாணம், நன்கொடை கேட்டு வருகிறவர்கள் என்று விடுமுறை கரைந்துவிடும். வழிகாட்டியாக உங்களோடு குருமடத்தில் படித்தவரைக் கேட்காதீர்கள். உங்களை முன்பின் அறியாத, வயதில் மூத்த ஒருவரைக் கேளுங்கள்.