சோழமண்டலம்: கலைஞர்கள் சமைத்த ஊர்

நுழையும்முன்

ஓவியம் ஒரு நாளில் முற்றுப்பெறுவதில்லை. நாள்தோறும் தொடரும் உழைப்பே அதனை முழுமையாக்குகிறது. அவ்வுழைப்பிற்கு நேரமும் வேண்டும், இடமும் வேண்டும். அவ்விரண்டையும் தம் கைத்திறனால் ஈட்டிக்கொண்ட கலைஞர்களின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கலைஞரின் கவலை

சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என வழங்கும் கலை நிறுவனத்திற்கு 1957-ஆம் ஆண்டு முதல்வரானார் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். அவரிடம் பயின்ற மாணவர்கள் தேர்ந்த திறனுடையவர்கள். ஆயினும், படிப்பு முடிந்ததும் அவர்கள்முன் ஒரு வினா நின்றது. புதுமை நோக்கில் வரைந்த ஓவியங்களை வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலரே. வயிற்றுப்பாட்டிற்காக வேறு வேலைக்குச் சென்றால் தூரிகையைத் தொட நேரமில்லை. செல்லாவிடில் வாழ வழியில்லை. வாங்குவோரின் விருப்பத்திற்கேற்ப வரைந்தாலோ, தம் கலைப்பார்வையை இழக்க நேரும்.

கைவினை தந்த நிலம்

இச்சிக்கலுக்குப் பணிக்கர் கண்ட தீர்வு எளியது: கைவினைப் பொருள்கள் செய்து பொருளீட்டுவது, ஓவியத்தையும் சிற்பத்தையும் மனம்போல் படைப்பது. கலைஞர்கள் சங்கமாக ஒன்றுகூடினர். உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தனர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் மெழுகை நீக்கினால் கோலம் புலப்படும். ‘பாத்திக்’ எனப்படும் இவ்வகைத் துணிகளுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. இத்தகைய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் மணற்பாங்கான கடற்கரை நிலத்தை வாங்கினர். 1966-ஆம் ஆண்டு சோழமண்டலக் கலைக்கிராமம் உருவாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இம்முயற்சியில் இணைந்தனர்.

நாளின் இரு கூறுகள்

கலைஞர்கள் தம் உழைப்பை இருவகையாகப் பகுத்துக்கொண்டனர். ஒரு பகுதி கைவினைக்கு. மற்றொரு பகுதி கலைக்கு. இப்பகுப்பைக் காப்பது எளிதன்று. கைவினை உடனே காசு தரும். ஓவியம் காத்திருக்கச் சொல்லும். உடனடி வருவாயை நாடிக் கைவினையிலேயே முழுநாளையும் செலவிட்டால், கிராமம் உருவான நோக்கமே சிதைந்துவிடும். எனவே, இங்கு நேர ஒழுங்கு என்பது கலையைக் காக்கும் வேலியாயிற்று.

பணிக்கூடத்தின் பயன்

எண்ணெய் வண்ணம் உலரப் பல நாள்கள் ஆகும். அதுவரை ஓவியம் அசையாது நிற்க ஓரிடம் வேண்டும். நேற்று வரைந்ததை இன்று காலை புதிய கண்ணோடு நோக்கும்போது குறையும் நிறையும் விளங்கும். உலோகத் தகட்டைத் தட்டி உருவமைக்கும் சிற்பிக்கோ, ஓசை எழுப்பும் உரிமையே பெரிது. வாடகை வீட்டின் ஒரு மூலையில் இவை இயலா. ஜானகிராம், நந்தகோபால் முதலிய சிற்பிகள் உலோகத்தில் உருவங்கள் படைத்த இடம் சோழமண்டலம். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் தம் புகழ்பெற்ற ஓவிய வரிசையைப் பணிக்கர் தொடர்ந்து வரைந்ததும் இங்கேதான். 1977-இல் அவர் மறைந்த பின்னரும் கிராமம் நிலைத்து நிற்கிறது.

தனியறை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஒரு மேசையும் நாள்தோறும் தவறாத ஒரு மணி நேரமும் இருந்தாலும் தொடங்கலாம். எழுத்தோ, இசையோ, ஓவியமோ, நீங்கள் விரும்பும் கலைக்கென அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

தெரிந்து தெளிவோம்

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவியங்களில் எழுத்து வடிவங்கள், கணிதக் குறிகள், சாதகக் கட்டங்கள் போன்றவை ஓவியக் கூறுகளாக இடம்பெறுகின்றன. அவை வாசித்துப் பொருள் கொள்வதற்கு உரியன அல்ல. கண்டு துய்ப்பதற்கு உரியன.

சிந்தனை வினாக்கள்

1. கைவினைத் தொழில் கலைஞர்களின் படைப்புரிமையை எவ்வாறு காத்தது?
2. ‘நேர ஒழுங்கு கலையைக் காக்கும் வேலி’ – இக்கூற்றை உம் கருத்தோடு விளக்குக.
3. உம் ஊரில் உள்ள கைவினைஞர் ஒருவரின் பணியிடத்தைக் கண்டு, அதன் அமைப்பு அவர் தொழிலுக்கு உதவும் முறையை எழுதுக.