காற்று படுவதும் உடல் குளிர்வதும்

மறைமலை நகரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்பகுதியில், நிறுவனப் பேருந்துகளில் செல்வோர் போக எஞ்சியவர்களில் கணிசமானோர் இருசக்கர வண்டியில்தான் வேலைக்குப் போய்வருகின்றனர். முதல் ஷிப்டு முடிந்து திரும்புவோரும் இரண்டாம் ஷிப்டுக்குச் செல்வோரும் சாலையில் எதிரெதிராகக் கடக்கும் நேரம், கோடையில் நாளின் வெப்பம் உச்சத்தை ஒட்டி நிற்கும் பிற்பகலாகவே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. ஒரகடத்தில் 2013 முதலும் வல்லம் வடகாலில் 2017 முதலும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்துவர, நாட்டுக்கே வண்டி செய்து தரும் வட்டாரமாக இது ஆகிவிட்டபோதிலும், வண்டியில் செல்பவரின் உடல் வெயிலை எவ்வாறு தாங்குகிறது என்பது பற்றி இங்கே வழங்கும் கருத்துகளில் பல தவறானவை. அவை தனித்தனிப் பிழைகளாகத் தோன்றினாலும், தோலில் உணரப்படும் குளிர்ச்சியையே உடலைவிட்டு வெப்பம் வெளியேறியதற்கான அளவுகோலாகக் கொள்ளும் ஒரே பிழையிலிருந்துதான் பெரும்பாலும் கிளைக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, வண்டியை வேகமாக ஓட்டினால் வெயில் தெரியாது என்ற நம்பிக்கை. வெயில் தெரியாமல் போவது உண்மை. உடல் குளிர்கிறதா என்பது வேறு கேள்வி. வெயிலில் இருப்பவரின் தோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் இருக்கிறது. வீசும் காற்று அதைவிடக் குளிர்ந்ததாயின் அது உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். அதைவிடச் சூடானதாயின் உடலுக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், வேகம் கூடக்கூட அந்தச் சேர்ப்பும் கூடும். இதை வெப்பச்சலனம் என்பர். இதற்கு இணையாக நிகழும் மற்றொரு செயல் ஆவியாதல்: தோலின் மீதுள்ள வியர்வை ஆவியாகும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது, மண்பானையின் வெளிப்புறம் கசிந்து காய்ந்து உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் இதே இயல்பினால்தான். ஆகவே 35 பாகைக்கு மேற்பட்ட காற்றில் விரைவது, ஒரு வழியில் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே மறுவழியில் வியர்வையை உலர்த்தி வெப்பத்தை இறக்குகிறது. இவற்றுள் எது வெல்லும் என்பதைக் காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும், வியர்வையாக வெளியேற உடலில் நீர் மிச்சமிருக்கிறதா என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

மறைமலை நகரைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. கடற்கரையிலிருந்து மிகத் தொலைவில் இல்லாத இந்த ஊரில் 36, 37 பாகையில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாட்களில் ஓடும் வண்டியின் காற்று வியர்வை உலர உதவுகிறது. அப்போது தொல்லை தருவது சிக்னலில் நிற்கும் நேரம்தான். மேற்கிலிருந்து வறண்ட காற்று அடித்து வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும் நாட்களிலோ நிலைமை தலைகீழாகிறது. மின்விசிறி குறித்து உலக சுகாதார நிறுவனம் விதிக்கும் எல்லையும் அதுவே: 40 பாகைக்கு மேல் விசிறிக் காற்று உடலைச் சூடேற்றும் என்பதால் அதற்குக் குறைந்த வெப்பநிலையில் மட்டுமே விசிறியைப் பயன்படுத்தும்படி அது அறிவுறுத்துகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் காற்று எந்த விசிறியின் காற்றைவிடவும் வலியது என்பதை எண்ணிப் பார்த்தால், அத்தகைய நாட்களில் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு விரைவதில் ஆறுதல் தேடுவது எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

இதன் தொடர்ச்சியாக எழும் ஆபத்தான நம்பிக்கை, வியர்க்கவில்லை, எனவே தண்ணீர் தேவைப்படவில்லை என்பது. நடந்து செல்பவரின் வியர்வை சட்டையை நனைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. வண்டியில் செல்பவரின் வியர்வையோ தோலில் துளிர்த்த கணமே காற்றில் மறைந்துவிடுவதால், மணிக்கு ஒரு லிட்டர் வரை இழந்தபோதும் தமக்கு வியர்க்கவேயில்லை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். இந்த இழப்பு முதலில் பாதிப்பது கவனத்தை. இங்கிலாந்தின் லாஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காரோட்டும் பாவனைக் கருவியில் நீண்ட நேரம் அமர்த்தப்பட்ட ஆண்கள், போதிய நீர் அருந்திய நாளைவிட லேசான நீரிழப்புக்கு உள்ளான நாளில் இருமடங்குக்கு மேல் பிழைகள் செய்தனர். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் சிலரே, அதுவும் காரைப் போன்ற கருவியில்தான் என்றாலும், கன்டெய்னர் லாரிகளுக்கும் கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களுக்கும் இடையே புகுந்து செல்ல வேண்டிய ஒரகடம் சாலையில் தடம் விலகுதல், பிரேக் தாமதித்தல் ஆகிய அதே பிழைகளின் விலை என்னவாக இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டால் வெயிலின் கொடுமையும் முடிந்தது என்ற எண்ணம் அடுத்தது. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் தொடங்கிக் கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் முதல் பாதம் வரை செல்லும் காலமாகப் பஞ்சாங்கம் இதைக் குறிக்கிறது. வழக்கமாக மே 4ஐ ஒட்டித் தொடங்கி மே 28ஐ ஒட்டி முடிகிறது. கோடையின் உச்சத்தைப் பொதுவாகச் சுட்டுவதில் இந்தக் கணிப்பு பாராட்டத்தக்கதே. எனினும் சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையாகிய 45 பாகை செல்சியஸ், அக்னி நட்சத்திரம் முடிந்தபின், 2003ஆம் ஆண்டு மே 31 அன்றுதான் பதிவாயிற்று. கரைப்பகுதியின் பிற்பகலைத் தணிப்பது கடற்காற்று. மே இறுதியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று வலுக்கும்போது கடற்காற்று கரையேறத் தாமதமாகிறது, சில நாட்களில் உள்ளே வரவே இயலாமல் போகிறது. கடற்காற்று சென்னையின் கரையோரத்தைத் தொட்ட பிறகும் மறைமலை நகரையும் ஒரகடத்தையும் அடைய நேரமாகும் என்பதால், நகரத்து வானிலைச் செய்தியைக் கேட்டு இங்கே புறப்படுபவர் ஏமாறக்கூடும். கதிர்வீச்சின் உச்சம் பகல் 12 மணி 10 நிமிட அளவிலேயே கடந்துவிட்டாலும், தாரும் கான்கிரீட்டும் உறிஞ்சிய வெப்பம் தொடர்ந்து வெளிப்படுவதால் காற்றின் வெப்பம் அதற்குப் பின்னும் ஏறுகிறது. இரண்டு மணிக்குச் சூரியன் சாய்ந்துவிட்டது என்பதில் இதனால் பெரிய ஆறுதல் இல்லை.

ஹெல்மெட் பற்றிய நம்பிக்கைகள் உயிரோடு விளையாடுபவை என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். தலைக்கவசம் தலையைச் சூடாக்குகிறது, மூளையைக் கொதிக்கவைக்கிறது, முடியை உதிர்க்கிறது என்று கூறி, கோடையில் அதைப் பெட்ரோல் டாங்கின் மீது வைத்தோ முழங்கையில் மாட்டியோ செல்வோரை ஜிஎஸ்டி சாலையில் காணலாம். கவசத்தின் ஓட்டுக்கும் தலைக்கும் இடையிலுள்ள உட்புறம், பொதுவழக்கில் தெர்மாக்கோல் எனப்படும் பாலிஸ்டைரின் நுரையால் ஆனது. மோதலின் விசையை நசுங்கி ஏற்பதற்காக வைக்கப்பட்ட இந்த நுரை, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளும் ஆதலால், வெயிலில் காயும் ஓட்டின் சூடு தலையை எட்டவிடாமல் தடுக்கிறது. உள்ளே தேங்கும் வியர்வையின் ஈரமே உண்மையில் தாங்கமுடியாததாகத் தோன்றுகிறது. உடலின் பரப்பில் தலை பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதெனினும், வெப்பத்தையும் குளிரையும் உணர்வதில் முகம் மிகக் கூர்மையானது. முகத்தில் காற்று பட்டவுடன் உடல் முழுதும் ஆறிவிட்டதாகத் தோன்றுவதும், முகம் மூடியவுடன் உடல் முழுதும் வேகுவதாகத் தோன்றுவதும் இந்தக் கூர்மையின் விளைவு. முடி உதிர்தலைப் பொறுத்தவரை, ஆண்களின் வழுக்கைக்கு முதன்மைக் காரணங்கள் மரபும் ஹார்மோன்களுமேயன்றிக் கவசம் அன்று. துவைக்காத உட்துணியில் ஊறும் வியர்வையால் பொடுகும் பூஞ்சைத் தொற்றும் வரலாம் என்பது மட்டும் மெய், அதற்கு மருந்து கழற்றித் துவைக்கத்தக்க உட்துணியும் மெல்லிய பருத்திக் குல்லாவும்தான். தாடைப்பகுதியிலும் நெற்றியிலும் காற்றுத் துளைகள் உள்ள, ஐஎஸ் 4151 தரக்குறி பெற்ற கவசத்தைத் தேர்ந்தெடுப்பதால் சங்கடம் பெரிதும் குறைகிறது. கவசம் மரண வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு கணிக்கிறது. வியர்வைச் சங்கடத்துக்கு அஞ்சி இந்தப் பாதுகாப்பைக் கைவிடுவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

உடையின் நிறம் பற்றிய கருத்து ஓரளவு சரி, ஓரளவு மிகை. பாலைவனத்துப் பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்து 1980இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான கட்டுரை, கறுப்பு அங்கி கூடுதலாக உறிஞ்சும் வெப்பம் அங்கியின் தளர்ச்சியால் உள்ளே ஓடும் காற்றோடு வெளியேறிவிடுவதால், தோலை எட்டும் வெப்பம் வெள்ளை அங்கியிலும் கறுப்பு அங்கியிலும் ஒன்றாகவே இருந்தது என்று காட்டியது. உடலோடு ஒட்டிய டி-சர்ட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் அளவுக்கு இறங்கும் இடத்தில், நிறத்தைவிட முக்கியமானது கையை முழுதும் மூடும் தளர்ந்த உடை. அது வெயிலை மறைப்பதோடு சூடான காற்று தோலில் நேரே மோதுவதையும் குறைக்கிறது. சட்டையையோ கழுத்துத் துண்டையோ புறப்படுமுன் நனைத்துக்கொண்டால் வியர்வையின் வேலையில் ஒரு பங்கை அந்த நீரே செய்துவிடுகிறது. நீண்ட பயணம் செல்வோருக்கு, வலைப்பின்னல் துணியாலான மெஷ் ஜாக்கெட் விழும்போதும் காக்கும். அரைக்கால் சட்டையும் செருப்பும் காற்றோட்டமாகத் தோன்றினாலும், நெரிசலில் நிற்கும்போது இன்ஜினும் சைலன்சரும் உமிழும் வெப்பத்தைக் கால் நேரடியாக வாங்கிக்கொள்ள வைக்கின்றன.

பானங்களைப் பற்றிய பேச்சில் ஐஸ் தண்ணீர் ஒரு பக்கம் அச்சத்தையும் மறுபக்கம் அளவு கடந்த நம்பிக்கையையும் பெற்றிருக்கிறது. உடல் சூடாக இருக்கையில் குளிர்ந்த நீர் குடிப்பது ஆரோக்கியமானவருக்குப் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. அதனால் கிடைக்கும் குளிர்ச்சியும் பெரிதில்லை. 5 பாகையிலுள்ள ஒரு லிட்டர் நீரை உடல் தன் 37 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 134 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. அதே ஒரு லிட்டர் பின்னர் வியர்வையாகித் தோலில் ஆவியானால் அதைப்போல் பதினெட்டு மடங்கு வெப்பம் வெளியேறும். எனவே நீர் எவ்வளவு குளிர்ந்தது என்பதைவிட எவ்வளவு குடிக்கப்பட்டது என்பதே பொருட்டு. இளநீர் நல்ல பானமே. ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு, வியர்வையோடு பெரிதும் வெளியேறுவதோ சோடியம். சாலையோரத்து நீர்மோரில் கலந்துள்ள உப்பு அந்த இழப்பை நேரடியாக ஈடுசெய்கிறது என்பதால், வெயிலில் உழைப்பவருக்குக் கிடைக்கும் மலிவான, மிகப் பொருத்தமான பானங்களுள் அதற்கு இடமுண்டு. பீர் உடலைக் குளிர்விக்கும் என்பது வெறும் மயக்கம். மது சிறுநீரைப் பெருக்கி நீரிழப்பைக் கூட்டுகிறது, வண்டியோட்டுபவருக்கு அது சட்டப்படியும் குற்றம்.

வண்டி ஓட்டினால் சூடு பிடித்து நீர்க்கடுப்பு வரும் என்பது இந்த வட்டாரத்தில் எங்கும் கேட்கும் பேச்சு. இருக்கையின் சூடு உடலுக்குள் ஏறிவிட்டது என்று எண்ணி, கால் பெருவிரலில் சுண்ணாம்போ காய்ச்சிய நல்லெண்ணெயோ தடவுகின்றனர். போதிய நீர் குடிக்காமலும், வழியில் கழிப்பறை இல்லாததால் சிறுநீரை அடக்கியும் செல்வதால் சிறுநீர் செறிந்து எரிச்சல் உண்டாவதே பெரும்பாலும் இதன் காரணம். கழிப்பறைக்கு அஞ்சியே தண்ணீரைத் தவிர்க்கும் பெண்கள் இதனால் கூடுதலாக வருந்துகின்றனர். இங்கே குறை வண்டியில் இல்லை, நெடுஞ்சாலையில் இருக்க வேண்டிய கழிப்பறைகள் இல்லாததில் இருக்கிறது. எரிச்சலோடு காய்ச்சலோ சிறுநீரில் இரத்தமோ தோன்றினால் அது தொற்றாக இருக்கக்கூடும்; அதற்கு எண்ணெய் மருந்தாகாது.

வெயில் பழகிவிட்டது என்போரின் கூற்றில் உண்மை உண்டு, ஏனெனில் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தொடர்ந்து வெப்பத்தில் உழைத்த உடல் விரைவாகவும் மிகுதியாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கிறது. அந்தத் திறனே கூடுதல் நீரைக் கோருகிறது என்பதும், குளிரூட்டப்பட்ட கூடத்தில் நாள் முழுதும் வேலை செய்பவருக்கு இந்தப் பழக்கம் முழுமையாக வாய்ப்பதில்லை என்பதும் பலரும் கருதாதவை.

வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதனால் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழி பிறந்தது. உயிரிழப்பைத் தடுக்கும் நிமிடங்கள் மட்டும் இன்னும் சாலையோரத்தில், அருகில் நிற்பவர்களின் கையில்தான் உள்ளன. அங்கே குறுக்கே நிற்பது, வெயிலில் சுருண்டவர் மீது தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்ற அச்சம். உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி, பேச்சு குழறி, புத்தி தடுமாறும் வெப்பத் தாக்குதலில், உடலை விரைந்து குளிர்விப்பதே உயிர்காக்கும் மருத்துவம். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக் காத்திருக்கவும் கூடாது, ஏனெனில் கடும் உழைப்பால் இந்நிலைக்கு வந்தவருக்கு வியர்வை ஓடிக்கொண்டிருக்கக்கூடும். வண்டியோட்டி வழி மறந்தவராய்த் திகைத்தோ, நிறுத்திய வண்டியைத் தாங்க முடியாமல் சாய்ந்தோ காணப்பட்டால், 108ஐ அழைத்துவிட்டு, அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, கவசத்தையும் ஜாக்கெட்டையும் கழற்றி, கிடைக்கும் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி விசிற வேண்டும். பெட்டிக்கடையில் ஐஸ் கிடைத்தால் அதைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.