மூஸ் எதிரே வந்தால்

அலாஸ்காவுக்குப் போகிறவர்கள் கரடியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் அங்கே கரடியைவிட மூஸிடம் அடிபடுகிறவர்களே அதிகம். மான் இனத்திலேயே பெரியது இது. வளர்ந்த ஆண் மூஸ் 700 கிலோ வரை இருக்கும். தோள் உயரமே ஆறடி. ஆங்கரேஜ் நகரில் வீட்டு வாசலுக்கே வந்து செடிகளை மேயும். அந்தச் சாதுத் தோற்றத்தை நம்பிவிடக் கூடாது. 1995-ல் அந்நகரப் பல்கலைக்கழக வளாகத்தில், யாரோ சீண்டிவிட்டிருந்த தாய் மூஸ், கட்டடத்துக்குள் நுழையப்போன பெரியவர் ஒருவரை மிதித்தே கொன்றது.

கிளம்புமுன் மாதத்தைப் பாருங்கள். மே, ஜூனில் தாயோடு குட்டி இருக்கும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஆண்களுக்கு இணைசேரும் வெறி. பின்பனிக் காலத்தில் பசியும் களைப்பும் சேர்ந்து, ஆழமான பனியை விட்டு நாம் நடக்கும் பாதைக்கே வந்துவிடும். அப்போது அது வழிவிடாது. நாம்தான் திரும்ப வேண்டும்.

நாயை வீட்டில் விட்டுவிடுவது நல்லது. மூஸுக்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான். பயந்த நாய் உங்களிடமே ஓடிவரும், பின்னாலேயே மூஸும் வரும்.

கண்ணில் பட்டால் குறைந்தது 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள், ஏறக்குறைய மூன்று பேருந்து நீளம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். மேய்வதை நிறுத்தி உங்களையே பார்க்கிறதா? ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். அதன் காதைக் கவனியுங்கள். இரண்டு காதும் பின்னால் மடிந்து பிடரியோடு ஒட்டி, திமில் மயிர் சிலிர்த்து, நாக்கால் உதட்டை நக்கினால் பாயப்போகிறது என்று அர்த்தம். மெல்லப் பேசியபடி பின்வாங்குங்கள். அது தப்பிப் போகும் வழியை அடைத்து நிற்காதீர்கள்.

பாய்ந்தால் ஓடுங்கள். கரடியிடம் ஓடக்கூடாது, இதனிடம் ஓடத்தான் வேண்டும். உங்களைத் தின்ன வரவில்லை, விரட்ட வருகிறது. பெரும்பாலும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். பருத்த மரமோ காரோ இருந்தால் அதன் பின்னால் போய்விடுங்கள். மரத்தைச் சுற்றிச் சுற்றி நாம் திரும்பும் வேகத்துக்கு அந்தப் பெரிய உடம்பால் திரும்ப முடியாது.

கீழே தள்ளிவிட்டால் உடலைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையையும் பிடரியையும் மூடுங்கள். முதுகுப் பையைக் கழற்ற வேண்டாம், உதை அதில் விழட்டும். இனிதான் கடினமான பகுதி: உதை நின்றதும் எழுந்துவிடத் தோன்றும். எழாதீர்கள். அசைவு தெரிந்தால் மறுபடி வந்து மிதிக்கும். நன்றாக விலகிப் போனபின்பே எழுங்கள்.

சாலையில் அந்தி நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள். மூஸின் கருத்த உடம்பு வண்டி விளக்கு வெளிச்சத்தில் பிடிபடாது. மோதினால் நெட்டைக் கால்கள் மடங்கி, முழு எடையும் முன்கண்ணாடியில் வந்து விழும். தாய் ஒன்று குறுக்கே கடந்தால் உடனே வண்டியை எடுக்காதீர்கள். பின்னால் குட்டி வரலாம்.