இனிப்பு மக்காச்சோள நாற்றை வெயிலுக்குப் பழக்குதல்

குழித்தட்டில் வளர்த்த இனிப்பு மக்காச்சோள நாற்றை வயலில் நடுமுன், வெயிலுக்கும் காற்றுக்கும் அதைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். இது சிறிய வேலைதான். ஆயினும் இதைச் செய்யத் தவறியதால் எமது வட்டாரத்தில் ஒரு நஷ்டம் நேர்ந்தது. அதற்கு நானே பொறுப்பாளியாதலால், பிற ஊர் விவசாயிகளுக்குப் பயன்படும்பொருட்டு இதனை எழுதுகிறேன்.

மகளிர் குழுவினர் சிலர் 10 சென்ட் நிலத்தில் செயல்விளக்கத் திடல் அமைக்க முன்வந்தனர். விதை அவர்களுடைய சேமிப்பிலிருந்து வாங்கப்பட்டது. நிழல்வலைக் கூடாரத்தில் நாற்றுகள் செழித்து நின்றன. நடவு விழாவைக் காலை 11 மணிக்கு வைத்தவன் நான். "இரண்டு மூன்று நாள் வெளியே வைத்துப் பிறகு நடலாமே, ஐயா" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். நான் செவிசாய்க்கவில்லை. மறுநாள் பாதிக்கு மேற்பட்ட நாற்றுகள் இலை வெளுத்துச் சாய்ந்து கிடந்தன.

காரணம் எளிது. நிழலில் வளர்ந்த இலை மெல்லியது. அதன் மேலுள்ள மெழுகுப் பூச்சும் குறைவு. வெயில் பட்டதும் நீர் விரைவாக ஆவியாகிவிடுகிறது. மண்ணில் இன்னும் வேரூன்றாத நாற்று அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. மேலும், இனிப்பு மக்காச்சோள விதையில் மாவுப்பொருள் குறைவு. ஆதலால் முளைக்குக் கிடைக்கும் சேமிப்பு உணவும் சாதாரண மக்காச்சோளத்தைவிடக் குறைவாகும்.

செய்ய வேண்டிய முறை இது. நன்கு மக்கிய தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில், குழிக்கு ஒரு விதையாக ஊன்றுக. நாற்று இரண்டு மூன்று இலைகளுடன், 12 முதல் 14 நாள் வயதில் நடவுக்கு ஏற்றது. அதற்கு மேல் வைத்திருந்தால் வேர் குழிக்குள் சுருண்டு, பயிர் குன்றிவிடும். ஆகவே எட்டாம் அல்லது ஒன்பதாம் நாளிலேயே பழக்கத் தொடங்குதல் நலம்.

முதல் நாள் காலை வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து, மீண்டும் நிழலுக்குக் கொண்டுவருக. இரண்டாம் நாள் மூன்று மணி நேரம்; மூன்றாம் நாள் காலையும் மாலையும்; நான்காம் நாள் பகல் முழுவதும். ஐந்தாம் நாள் இரவிலும் வெளியிலேயே இருக்கட்டும். இந்நாட்களில் தண்ணீரைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் நாற்று வாடும் அளவுக்குக் காயவிடலாகாது. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் தண்டு மென்மையாகிவிடும். குருத்தையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட படைப்புழு இளம் பயிரையும் விட்டுவைப்பதில்லை.

நடவு நாளன்று தட்டை நன்றாக நனைத்து, அடியிலிருந்து தள்ளி, வேர்க்கட்டி உடையாமல் நாற்றை எடுக்க வேண்டும். வெயில் தாழ்ந்தபின், ஈரமான பாரில் 60 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுக. உடனே பாசனம் செய்து, மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் விடுக. இந்தக் கணக்குப்படி 10 சென்டுக்கு ஏறத்தாழ 2,700 நாற்றுகள் தேவை. 98 குழித் தட்டுகள் 30 இருந்தால், பழுது போனவற்றுக்கு மாற்று நடவும் நாற்று மிஞ்சும்.

நாற்று மடிந்த இடங்களால் வரும் நஷ்டம் அந்தச் செடிகளோடு நிற்பதில்லை. மக்காச்சோளத்தில் மகரந்தத்தைக் கொண்டுசெல்வது காற்று. கதிரின் ஒவ்வொரு பட்டிழையும் மகரந்தம் பெற்றால்தான் அதற்குரிய மணி பிடிக்கும். வயல் இடையிடையே வெறுமையானால் அருகில் நிற்கும் செடிகளின் கதிர்களும் பொக்கையாகலாம். எனவே ஒரே வரிசையாக நடாமல், நான்கு வரிசைக்குக் குறையாத கட்டமாக நடுவது நன்று.

பரந்த நிலத்தில் நேரடி விதைப்பே சிக்கனமானது. மயிலும் காகமும் விதையைப் பொறுக்கும் இடங்களிலும், விலையுயர்ந்த விதையைச் சிறு நிலத்தில் பயிரிடும்போதும் நாற்றுமுறை கைகொடுக்கும்.

அக்குழுவினர் மீண்டும் விதை வாங்கி, இம்முறை ஐந்து நாள் பழக்கி, மாலையில் நட்டனர், சிலவே பழுதாயின. நடவு நாளைக் குறிக்குமுன் நாற்றை ஒரு முறை பார்த்து, அதை வளர்த்தவரையும் ஒரு வார்த்தை கேட்குமாறு என்னைப் போன்ற அலுவலர்களை வேண்டுகிறேன்.